வியாழனுக்குப் போன பூசணிக்காய்

கேள்வியோடு வருகிறவர்களுக்கு சொர்ணவல்லி முதலில் மோர் கொடுப்பார். குடித்து முடித்ததும் பாதிப் பேர் கேள்வியை மறந்துவிடுவார்கள். மறக்காதவர்களைத்தான் அவர் சீடராக வைத்துக்கொண்டார்.

இயக்குநர் இளம்பரிதி மோர் டம்ளரைத் தொடவே இல்லை.

பரிதிக்கு ஐம்பத்திரண்டு வயது. குரு சொர்ணவல்லி அவரைவிட நாலு வயது இளையவர். இருவரும் ஒரே இடத்தில் உதவி இயக்குநர்களாக வேலை பார்த்தவர்கள். பிறகு பரிதி படம் எடுக்கப் போனார். சொர்ணவல்லி வந்தவாசியில் வீடு எடுத்து, திரைக்கதை கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பரிதியும் வந்து தங்கிப் படித்தார். விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்த ‘குருவே’, நாளடைவில் நிஜமாகிவிட்டது.

“படம் படுத்துடுச்சு, குருவே.”

“தெரியும்.”

“நீங்க பாத்தீங்களா?”

“ரெண்டு தடவை.”

பரிதியின் முகம் மலர்ந்தது. “ரெண்டு தடவையா!”

“முதல் தடவை தூங்கிட்டேன்.”

படத்தின் பெயர் ‘வியாழன் வாசல்.’ ஆறு பேர் ஒரு விண்கலத்தில் வியாழன் கிரகத்துக்குப் போகும் கதை. தமிழில் இவ்வளவு செலவில் இப்படி ஒரு படம் வந்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். விண்கலத்தின் கதவு எந்த வேகத்தில் திறக்க வேண்டும் என்பதைக்கூடப் பரிதி விஞ்ஞானிகளைக் கேட்டுத்தான் முடிவு செய்திருந்தார். முதல் நாள் தியேட்டர் நிரம்பியது. ஒரு வாரத்தில் போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

“தயாரிப்பாளர் கதிரேசன் நல்லவர்,” என்றார் பரிதி. “திட்டலை. ஆனா ஒண்ணு சொல்லிட்டாரு. ‘படம் ஏன் ஓடலைன்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரே வரியில சொல்லுங்க. சொன்னா, அடுத்த நிலாப் படத்தையும் நீங்களே எடுங்க. காரணம் தெரியலைன்னா, கதையை வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடறேன்’னு.”

“நிலாப் படம் யாரு கதை?”

“என் கதை, குருவே. எட்டாவது படிக்கும்போதே மனசுல இருந்த கதை.”

குரு மோர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். “மத்தவங்க என்ன காரணம் சொல்றாங்க?”

“மழைங்கறாங்க. பரீட்சை சமயம்ங்கறாங்க. பாட்டு கம்மிங்கறாங்க.”

“நீ என்ன சொல்றே?”

“ஜனங்களுக்குப் புரியலை. எடையில்லாம மிதக்கிறதுன்னா என்னன்னே நம்ம ஆளுங்களுக்குத் தெரியாது. அடுத்த படத்துல முதல்லயே ஒரு விளக்கப் படம் போட்டுடலாம்னு இருக்கேன்.”

குரு ஏதோ யோசித்தார்.

“அந்த ஆறு பேர்ல ஜன்னல் சீட் யாருக்கு?”

“என்ன?”

“வியாழன் வரைக்கும் போறாங்களே. ஜன்னலோரம் உட்கார்ந்தது யாரு?”

“விண்கலத்துல ஜன்னல் சீட்டெல்லாம் கிடையாது, குருவே. அது கட்டுப்பாட்டு அறை. எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி.”

“ஓஹோ,” என்றார் குரு. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “காஞ்சிபுரத்துல ஒரு கல்யாண வரவேற்பு. வா, பேசிக்கிட்டே போவோம்.”

“டிரைவரைக் கூப்பிடறேன்.”

“வேண்டாம். பஸ்ல போவோம்.”

அன்று முகூர்த்த நாள். வந்தவாசி பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. பட்டுப்புடவைகளும் வெள்ளை வேட்டிகளும் தாம்பூலப் பைகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

காஞ்சிபுரம் பஸ் உள்ளே திரும்பியது. அது நிற்பதற்குள் கூட்டம் அதனோடு ஓட ஆரம்பித்தது. ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்தன. ஒரு கைக்குட்டை போனது. ஒரு குடை போனது. ஒருவர் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிப் போட்டார்.

“நிக்கிறியே! இடம் போடு!” என்றார் குரு.

“எதைப் போடறது?”

“எதையாவது!”

பரிதி தன் தொப்பியைக் கழற்றி வீசினார். அது ஒரு ஜன்னல் வழியாக உள்ளே போய், எதிர் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது.

“நல்லா குறி பாக்கறே,” என்றார் குரு.

இருவரும் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பக்கத்தில் மூன்று பேர் உட்காரும் சீட். ஜன்னலோரத்தில் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. அதன் சொந்தக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் அத்தனை நெரிசலிலும் அந்த இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அடுத்த இடத்தில் ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது. அதற்கு அடுத்து, பூசணிக்காயைக் கொண்டுவந்த அம்மாள்.

கடைசியில் துண்டுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டு உட்கார்ந்தார். பூசணிக்காயைப் பார்த்தார்.

“ஏம்மா, இதுக்கு டிக்கெட் எடுத்தியா?”

“மடியில வச்சா கால் மரத்துப் போவுது. கீழே வச்சா உருளுது. நான் இன்னா பண்ண?”

“ஒரு மனுசன் உக்கார்ற இடம்மா அது.”

“அண்ணே, கிரகப்பிரவேசத்துக்கு எடுத்துட்டுப் போறேன். இடிபட்டு உடைஞ்சா அச்சானியமாப் போயிடும்.”

“கிரகப்பிரவேசமா? எந்தக் கிரகத்துக்கு?” என்றார் துண்டுக்காரர்.

முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

“ஆங், வியாழனுக்கு!” என்றாள் அந்த அம்மாள். “வியாழக்கிழமைதானே இன்னிக்கு!”

இப்போது நாலைந்து வரிசை சேர்ந்து சிரித்தது. குரு கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்றுக் குனிந்தார்.

“நிஜமாவே வியாழனுக்கு ஒரு பஸ் விட்டா போவீங்களா?”

“யாரும்மா டிரைவரு?” என்று உடனே கேட்டாள் அந்த அம்மாள். “வளைவுல மெதுவா போவாரா? எனக்கு வாந்தி வரும்.”

“நடுவுல டீ குடிக்க நிறுத்துவானா?” என்றார் துண்டுக்காரர்.

“அங்க போனா எல்லாரும் மிதப்பாங்களாமே,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கண்டக்டர் காதில் இது விழுந்தது. “மிதந்தா எல்லாருமே ஸ்டாண்டிங்தான். சீட்டு சண்டை இல்ல. எனக்கு நிம்மதி!”

“அது எப்படி?” துண்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஜன்னலோரம்னு ஒண்ணு இருக்கில்ல? நான் துண்டு போட்டு வச்சிருப்பேனே!”

“துண்டும்தான் மிதக்கும்,” என்றார் கண்டக்டர்.

துண்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார். அப்படி ஒரு ஆபத்து வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. பஸ்ஸே அவருக்காக யோசித்தது.

“முடிச்சுப் போட்டுக் கட்டுங்க.”

“கட்டறதுக்கு முதல்ல உள்ள போவணுமே. வெளிய இருந்து எப்படிக் கட்டறது?”

“துண்டை நனைச்சுப் போடு. ஒட்டிக்கும்.”

“ஒட்டாதுய்யா. தண்ணி தனியா மிதக்கும், துண்டு தனியா மிதக்கும்.”

“ஒட்டும்!”

சொன்னது பரிதி. அவர் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

“ஒட்டும்ங்க. எடையில்லாத இடத்துல தண்ணி எதைத் தொட்டாலும் அதுலயே பிடிச்சுக்கும். ஈரத் துண்டு சீட்டைத் தொட்டுட்டா அங்கேயே நிக்கும்.”

“பாத்தியா!” என்றார் துண்டுக்காரர், கண்டக்டரிடம்.

“ஆனா ஒரு சிக்கல் இருக்கு,” என்றார் பரிதி. “நீங்களும் மிதந்துக்கிட்டுதானே எறியறீங்க? துண்டு முன்னால போகும். நீங்க பின்னால போவீங்க.”

துண்டுக்காரர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஏன் பின்னால போறேன்?”

“நீங்க துண்டைத் தள்றீங்க. துண்டு உங்களைத் தள்ளுது. துண்டு லேசு. அதனால நீங்க மெதுவாத்தான் போவீங்க.”

பூசணிக்காய் அம்மாள் தன் காயை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள். “நான் இதை எறிஞ்சா?”

“நீங்க நல்ல வேகமாவே பின்னால போவீங்க.”

“நிக்கவே மாட்டேனா?”

“பின்னால சுவரு இருந்தா நிப்பீங்க. இல்லேன்னா போய்க்கிட்டே இருப்பீங்க.”

“ஐயையோ! அப்ப சீட்டு பூசணிக்காய்க்கு, நான் அந்தரத்துல!”

துண்டுக்காரர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அந்த அம்மாள்தான் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தாள். பின்சீட்டில் ஒருவர் எழுந்து நின்று, எறிந்தால் எப்படிப் பின்னால் போவோம் என்று நடித்துக் காட்டினார். போகிற வழியில் எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். கண்டக்டர் விசிலை ஊதினார். கூரையில் போய் முட்டிக்கொண்டவர்களுக்கு டிக்கெட் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். பரிதி ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தொண்டை கட்டிவிட்டது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

“சார், இதெல்லாம் எப்படித் தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டார் துண்டுக்காரர்.

பரிதி கொஞ்சம் தயங்கினார். “‘வியாழன் வாசல்’னு ஒரு படம் வந்துச்சே. நான்தான் எடுத்தேன்.”

“அட! நான் பாத்தேனே!” துண்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தப் பின்னால போற விசயம் அதுல வருதா?”

“வருது.”

“எங்க?”

“முதல் பாதியில. ஒரு விஞ்ஞானி நீல வெளிச்சத்துல கோடு கோடா வரைஞ்சு காட்டுவாரே.”

துண்டுக்காரர் நன்றாக யோசித்தார். நல்ல மனுஷர், எப்படியாவது ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பார்த்தார்.

“அப்ப நான் முறுக்கு வாங்கப் போயிருந்தேன் சார்.”

பஸ் சிரித்தது. பரிதியும் சிரித்தார். படம் வெளியான பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மாமண்டூர் தாண்டியபோது அவருடைய போன் அடித்தது. தயாரிப்பாளர் கதிரேசன்.

“பரிதி, எங்க இருக்கீங்க? கல்யாண வீடு மாதிரி சத்தம் கேக்குதே?”

“பஸ்ல சார்.”

“பஸ்லயா? சரி, இருக்கட்டும். காரணம் கிடைச்சுதா? ஒரு வரிதான் கேட்டேன்.”

காலையில் தயாராக வைத்திருந்த வரியைச் சொல்லப் பரிதி வாயைத் திறந்தார். ஜனங்களுக்குப் புரியலை. அதே நேரத்தில், வியாழனில் தரையே கிடையாதாமே, அப்புறம் பூசணிக்காயை எதில் போட்டு உடைப்பது என்று அந்த அம்மாள் துண்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் பொறுப்பாக யோசித்துக்கொண்டிருந்தார்.

பரிதி போனைச் சற்று விலக்கிப் பிடித்தார்.

“குருவே, இவங்களுக்கு மிதக்கிறது புரியுது. தள்ளினா பின்னால போறது புரியுது. இன்னும் கேக்கறாங்க. அப்ப என் படம் ஏன் ஓடலை?”

குரு கம்பியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்.

“நீ மட்டும் போயிட்டு வந்து, எங்களுக்கு போட்டோ காட்டினே, பரிதி.”

போனில் கதிரேசன் சிரிப்பது கேட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும் அளவுக்குச் சிரித்தார்.

“யாரு அது பேசினது? சரி விடுங்க, எனக்கு அந்த ஒரு வரி போதும். நிலாவுக்கு யாரு யாரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

பரிதி போனைக் காதில் வைத்தபடியே, பஸ்ஸின் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.