வெங்கச்சங்கல் வாயை மூடிய நாள்

கல்லும் கீரியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கற்களுக்கு உடம்பில் ஒரு திறப்பு இருந்தது. வேண்டும்போது கதவுபோலத் திறக்கும், பிறகு தடம் தெரியாமல் மூடிக்கொள்ளும். ஒரு குன்றின் சரிவில் வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லும் காக்காப்பொன்னும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தன. வெங்கச்சங்கல்லுக்குத் தன் வெள்ளை நிறத்தின்மேல் கொள்ளைப் பெருமை. காக்காப்பொன், மைக்கா என்கிறோமே அதுதான், கொஞ்சம் பயந்த சுபாவம்.

ஒரு கோடையில் காடு பற்றிக்கொண்டது. தாய்க்கீரி ஒன்று, கண் திறக்காத இரண்டு குட்டிகளோடு அந்தச் சரிவில் மாட்டிக்கொண்டது. மேலே செங்குத்துப் பாறை, கீழே தீ. வளையெல்லாம் புகை.

"வெள்ளையண்ணே, கொஞ்சம் திறங்க. பிள்ளைங்களையாவது உள்ளே விட்டுக்கிறேன்."

திறந்தால் கரி புகுந்து நிறம் போய்விடுமே என்று வெங்கச்சங்கல்லுக்குக் கவலை. திறப்பை இறுக மூடிக்கொண்டது. கீரி நகத்தால் சுரண்டச் சுரண்ட இன்னும் இறுக்கியது. இறுக்கிய இறுக்கில் திறப்பு இருந்த இடமே அழிந்துபோனது.

காக்காப்பொன்னுக்கும் நடுக்கம்தான். ஆனால் குட்டிகள் இருமுவதைக் கேட்டுக்கொண்டு அதனால் சும்மா இருக்க முடியவில்லை. கீரியைக் கூப்பிட்டுத் திறந்துவிட்டது. மூன்றும் நுழைந்த மறுகணம் தீ வந்து மேலே படர்ந்தது. காக்காப்பொன்னின் மெல்லிய மேல் ஏடு கொதித்தது. காக்காப்பொன் தனக்குள் இன்னொரு ஏட்டைப் பிரித்து வழிவிட்டது. அதுவும் சுட்டது. மறுபடி ஒன்று. குட்டிகளைக் கவ்விக்கொண்டு கீரி உள்ளே உள்ளே நகர்ந்தது. கண்ணாடி போன்ற ஏடுகளின் வழியே நெருப்பு நெருங்கி வருவது அதற்கு நன்றாகத் தெரிந்தது.

"போதும் அண்ணே. இதுக்கு மேலே பிரிஞ்சா நீங்க மிஞ்ச மாட்டீங்க."

"பேசாம உள்ள போ, தாயி."

கடைசி ஏட்டுக்கு வந்தபோதுதான் தீ ஓய்ந்தது. உடனே கோடைமழை கொட்டியது. சூடேறிக் கிடந்த வெங்கச்சங்கல் மூச்சுவிடத் திறப்பைத் தேடியது. எங்கும் இல்லை. தவித்துத் தவித்து, கண்ட இடத்தில் வெடித்துச் சிதறியது.

குட்டிகள் பிழைத்துவிட்டன. காக்காப்பொன் தன்னை மூடிப் பார்த்தது. ஏடுகள் ஒன்றையொன்று தொட்டன, ஒட்டவில்லை. கீரி அங்கேயே நின்று அழுதது.

வெங்கச்சங்கல்லை உடைத்தால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாமல் போனது அன்று முதல்தான். கண்டபடி சில்லாகிக் கையைக் கிழிக்கிறது. காக்காப்பொன்னுக்கோ சம்மட்டி தேவையில்லை. ஒரு நகம் பட்டால் போதும், யாரோ பிள்ளைகளோடு வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து இன்றைக்கும் ஏடு ஏடாகத் திறந்துவிடுகிறது.