வலது கண்ணுக்கு இடது கண்ணாடி

"இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடல்ல போடுங்க டீச்சர்!"

கத்திக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தார் குருபாதம். பாத்திரக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, இலவசக் கண் முகாமில் தொண்டு செய்ய வந்தவர். அங்கே கம்ப்யூட்டர் வேலையை அவருக்குச் சொல்லிக் கொடுப்பவள் நாச்சியார். அவருடைய மகளைவிடச் சின்னவள். அதிகம் பேச மாட்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார்றதா? அங்க பாருங்க."

வாசலில் செண்பகவல்லி நின்றாள். ஆயத்த ஆடை கம்பெனியில் தையல்காரி. முகாமில் கொடுத்த கண்ணாடி அவள் கையில் இருந்தது. விரலில் துணி சுற்றியிருந்தது.

"போட்டா தரை மேல எந்திரிச்சு வருது. ஊசி விரல்ல ஏறிட்டு" என்றாள். "நாளைக்கும் தைக்க முடியலன்னா மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். உங்க இலவசத்துல இடி விழ!"

அவள் கோபம் நியாயம். முதலில் கொடுத்த கண்ணாடியில் வலது கண்ணுக்கு இடது கண் பவர். மாற்றித் தாருங்கள் என்று வந்தாள். மாற்றிக் கொடுத்தார்கள். அதிலும் அப்படியே. கேட்டால் சிஸ்டம் என்கிறார்கள். சிஸ்டத்துக்கா விரலில் ஊசி ஏறியது?

நாச்சியார் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டாள். பிறகு குருபாதத்திடம் திரும்பினாள்.

"என்ன நடந்துச்சு?"

"முகாம்ல செல்போன்ல பதியறோம். பேரு, ஊரு, வலது பவர், இடது பவர். சாயங்காலம் எல்லாம் தானா ஒரு ஷீட்டாகி கண்ணாடிப் பட்டறைக்குப் போயிரும். அங்க இருக்கிற மெஷினுக்கு மூணாவது பத்தி வலது கண்ணு, நாலாவது இடது கண்ணு. தலைப்பையெல்லாம் அந்த மெஷின் பாக்காது."

"சரி."

"இந்தம்மா முதல் தடவை வந்த அன்னைக்கு, முதல்ல வந்த ஆளுக்கு வலது கண்ணுல பவரே இல்ல. அந்த இடம் காலி. காலியா இருந்தா இந்த மூதேவி அதை விட்டுட்டு, இடதைத் தூக்கி மூணாவதா வச்சிருக்கு. அடுத்த ஆளுக்கு வலது வந்ததும் அதைக் கடைசியில ஒட்டிருச்சு. மொத்த முகாமுக்கும் வலது இடது மாறிப்போச்சு!"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"மூணையும் நாலையும் தானா இடம் மாத்துற மாதிரி ஒரு கட்டளை போட்டேன். சரியாப் போச்சு. இந்தம்மாவுக்கு மாத்திக் குடுத்த அன்னைக்குப் பாத்தா மறுபடி தப்பு! அன்னைக்கு முதல்ல வந்தவருக்கு ரெண்டு கண்ணுலயும் பவர் இருந்திருக்கு. நேரா வந்ததை என் கட்டளை மாத்தி விட்டுருச்சு. நான் என்னதான் பண்ண? தினமும் உக்காந்து காவல் காக்கவா?"

நாச்சியார் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

வகுப்பில் நாலு பேர். ஃபேனுக்குக் கீழே சேவியர், அடுத்து காந்திமதி, பிறகு இப்போது வந்து உட்கார்ந்த குருபாதம், கடைசியில் திருமேனி. நாலு பேருமே கண்ணாடிக்காரர்கள்.

"எல்லாரும் கண்ணாடியைக் கழட்டிக் குடுங்க" என்றாள். வாங்கி, உட்கார்ந்திருந்த வரிசையிலேயே மேசையில் வைத்தாள்.

சேவியருக்கு போன் வந்தது. எழுந்து வெளியே போனார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஒரு நாற்காலி ஃபேன் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அந்த வகுப்பில் எப்போதும் அப்படித்தான். அந்த ஊர் வெயிலில் ஃபேனை யார் விடுவார்கள்?

நாச்சியார் முதல் கண்ணாடியை முதல் நாற்காலிக்குக் கொடுத்தாள். இரண்டாவதை இரண்டாவது நாற்காலிக்கு.

"டீச்சர், இது காந்திமதியோடது" என்றார் குருபாதம்.

"அப்ப என்ன செய்யணும்?"

"எல்லாருக்கும் ஒண்ணு தள்ளிக் குடுங்க. முடிஞ்சுது."

தள்ளிக் கொடுத்தாள். எல்லாருக்கும் சரியாகப் போனது. குருபாதம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

சேவியர் திரும்பி வந்தார். "எந்திரிங்கம்மா, அது என் இடம்" என்று காந்திமதியை எழுப்பினார். எல்லாரும் முனகிக்கொண்டே பழைய நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள்.

நாச்சியார் கண்ணாடிகளை மறுபடி வாங்கி, அதே வரிசையில் வைத்தாள். மறுபடி கொடுத்தாள், ஒன்று தள்ளி.

குருபாதம் மாட்டிப் பார்த்தார். கண்ணைக் கட்டியது. பிடுங்கி மேசைமேல் வைத்தார்.

"இது திருமேனியோடது!"

"ஒண்ணு தள்ளிக் குடுக்கச் சொன்னது நீங்கதானே அண்ணாச்சி."

"அது அப்ப! இப்ப சேவியர் வந்தாச்சுல்ல?"

"வந்தா?"

"என்ன டீச்சர் விளையாட்டு இது? ஆளு வருவான், போவான். எனக்குப் பேரு இல்லையா? நாற்காலியைப் பாத்தா குடுப்பீங்க? குருபாதம்னு கூப்பிட்டுக் குடுங்க! நான் எங்க உக்காந்தா உங்களுக்கென்ன?"



நாச்சியார் வாசலைப் பார்த்தாள். நாற்காலியில் செண்பகவல்லி, மடியில் அந்தக் கண்ணாடி.

குருபாதமும் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை.

"அட கூறுகெட்டவனே" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு பக்கத்து அறைக் கம்ப்யூட்டருக்கு ஓடினார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்தார்.

"டீச்சர், கண்ணாடி. ஒண்ணும் தெரியல."

"எந்த நாற்காலிக்கு?"

"குருபாதத்துக்கு!"

எடுத்துக் கொடுத்தாள்.

இடம் மாற்றும் கட்டளையை அவர் முதலில் அழித்தார். பிறகு ஒவ்வொரு பத்தியையும் பெயர் சொல்லி வரிசையில் நிறுத்தினார். பேரு, ஊரு, வலது, இடது. காலியாக இருந்தாலும் அந்த இடம் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதினார். வலது கண்ணில் பவரே இல்லாத ஒரு ஆளை முதல் ஆளாகப் போட்டு, ஷீட் எடுத்துப் பார்த்தார். வலது வலதில் இருந்தது.

சாயங்காலம் பட்டறையிலிருந்து கண்ணாடி வந்தது. குருபாதமே போய் வாங்கி வந்திருந்தார்.

செண்பகவல்லி அதைப் போட்டுத் தரையைப் பார்த்தாள். பையிலிருந்து ஊசியை எடுத்தாள். நூலை நாக்கில் நனைத்தாள். ஒரே முறையில் கோத்துவிட்டாள்.

குருபாதம் சிரித்துக்கொண்டு நின்றார். அவள் சிரிக்கவில்லை.

"தப்பாப் போன மத்தவங்களுக்கு?" என்றாள்.

குருபாதம் நாச்சியாரைப் பார்த்தார்.

"பேரு தெரியும்ல அண்ணாச்சி" என்றாள் நாச்சியார். "கூப்பிடுங்க."