காய்ச்சலே இல்லாத தெரு

குருவைவிடச் சீடர் பத்து வயது மூத்தவர். ஆயுசில் பாதியை ஊசி போட்டே கழித்த டாக்டர் எபனேசர், தலை நரைத்த பிறகு, ஒரு நோய் ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்று படிக்க ஆசைப்பட்டு, பேராசிரியை அங்கயற்கண்ணியிடம் வந்து சேர்ந்தார். அவர் சேர்ந்த வருடமே கொரோனாவும் வந்தது.

ஒரு நாள் காலை, கையில் டம்ளரோடு எபனேசர் ஆஸ்பத்திரியில் குருவின் அறைக்குள் பாய்ந்து வந்தார். கதவைத் தட்டக்கூட இல்லை.

"மேடம்! கண்டுபிடிச்சிட்டேன்!"

"உட்காருங்க சார். என்ன?"

"ஊரே காய்ச்சல்ல கிடக்கு. கிணத்துத் தெருவுல மட்டும் ஒருத்தருக்குக்கூட இல்ல! மூணு தடவை நானே வீடு வீடாப் போய்க் கேட்டுட்டேன். எல்லாரும் நல்லா இருக்கோம்னுதான் சொல்றாங்க. காரணம் இதுதான்!"

டம்ளரை மேஜைமேல் வைத்தார். அந்தத் தெருமுனையில் காய்ச்சித் தருகிற கசாயம். ஓமமும் பூண்டும் போட்டது.

"குடிச்சுப் பாருங்க மேடம். வாசமே இல்ல. பச்சத்தண்ணி மாதிரி இறங்குது."

அங்கயற்கண்ணி முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்து போய் ஜன்னல்களையெல்லாம் திறந்தார்.

அன்று மாலை கலெக்டர் ஆபீஸில் கூட்டம். எபனேசர்தான் அறிக்கை வாசிக்கப் போகிறார். வாசித்தால், நோய் இல்லாத இடத்துக்கு எதற்கு என்று, கிணற்றுத் தெருவில் நிற்கும் ஆக்ஸிஜன் வேனை உடனே கிளப்பிவிடுவார்கள். வேனை ஓட்டிப்போக ஆள்கூடத் தயாராக இருந்தது.

"சொல்லுங்க மேடம். அந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் காய்ச்சல் வரல? கசாயம்தானே?"

"போய்ப் பார்ப்போம். நீங்க உங்க கார்ல தனியா வாங்க. அங்க இறங்க வேண்டாம். காது கேக்கற அளவுக்குக் கண்ணாடியை இறக்கி வச்சா போதும்."

எபனேசருக்குச் சுருக்கென்றது. கண்டுபிடித்தவன் காருக்குள், பெயரைத் தட்டிக்கொண்டு போகிறவர் தெருவிலா? ஆனாலும் போனார்.

சர்வே நடக்கிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே ஒரு லாரி வரும். அதில் தகரம் இருக்கும். ஒரு வீட்டில் காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் போதும், வாசலை மறித்துத் தகரம் அடித்துவிடுவார்கள். அன்றும் லாரி தெருமுனையில் தயாராக நின்றது.

அங்கயற்கண்ணி நேராக டிரைவரிடம் போனார்.

"அண்ணே, வண்டியை எடுத்துட்டுப் போங்க. இன்னைக்கு இங்க தகரம் கிடையாது. கலெக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

தகரமெல்லாம் கடகடக்க லாரி திரும்பிப் போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அவர் நடுத்தெருவில் நின்றார். பிறகு உரக்கச் சொன்னார்.

"எனக்குப் போன மாசம் கொரோனா வந்துச்சு. பூண்டு வாசம்கூடத் தெரியாமப் போச்சு. இங்க யாருக்காவது அப்படி இருந்தாச் சொல்லுங்க. தகரம் வராது. மருந்துதான் வரும்."

அப்புறம் ஒரு மாடி ஜன்னல் திறந்தது.

"அக்கா, எனக்கும் தெரியலக்கா. அடுப்புல மீன் கருகினதே தெரியல."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு ஞாயித்துக்கிழமையிலருந்து அனலாக் கொதிக்குதும்மா."

அவ்வளவுதான். கேட்கவா வேண்டும்! கதவு மேல் கதவாகத் திறந்தது. வேனோடு வந்திருந்த நர்சுகள் மாத்திரைப் பெட்டியோடு ஓடினார்கள். கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

"எங்க அத்தைக்கு மூச்சு வாங்குது! சீக்கிரம் வாங்க!"

அத்தையின் விரலில் மாட்டிய கருவி, ஆக்ஸிஜன் அளவை எண்பதுக்கும் கீழே காட்டியது. அவரைக் கட்டிலோடு தூக்கி வந்து வேனில் ஏற்றினார்கள். ஆக்ஸிஜன் ஏற ஏற முகம் தெளிந்து, "குலுக்காமப் பிடிங்கப்பா" என்று அத்தை அதட்டினார். தெருவே கைதட்டியது.

எபனேசருக்குக் காருக்குள் இருப்புக்கொள்ளவில்லை. கலெக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கத்தினார். "வேனை எடுத்துடாதீங்க! இன்னொண்ணு அனுப்புங்க! என் அறிக்கையைக் கிழிச்சுப் போடுங்க!"

அங்கயற்கண்ணி காரிலிருந்து எட்டவே நின்றுகொண்டார். அவரைப் பார்த்ததும் சீடருக்கு ஆற்றாமை பொங்கியது.

"மூணு தடவை கேட்டேனே மேடம்! படிச்சவங்களும் இருக்காங்க இந்தத் தெருவுல. கொஞ்சம்கூடக் கூசாம எப்படி மேடம் பொய் சொல்றாங்க?"

"காலையில நீங்க கொண்டாந்த கசாயம், வராண்டா வரைக்கும் பூண்டு நாத்தம் சார்."

எபனேசர் போனைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல உங்களையும் கேட்டிருப்பாங்களே, காய்ச்சல் இருக்கான்னு. என்ன சொன்னீங்க?"

"இல்லன்னுதான்..." சீடரின் குரல் இறங்கிவிட்டது. "நேத்து அடிச்சுது. மாத்திரை போட்டேன், விட்டுடுச்சு. இருக்குன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சாயங்காலம் கூட்டம் இருந்துச்சே மேடம்."

குரு கோபப்படவில்லை. வேனைப் பார்த்தார். லாரி போன பக்கத்தையும் பார்த்தார்.

"வீட்டுக்குப் போங்க சார். பின்னாலேயே அனுப்பி வைக்கறேன். எதை அனுப்பட்டும்னு மட்டும் சொல்லுங்க. வேனா, தகரமா?"