கூப்பிடு தூரம்

டுபுடுபுவென்ற அந்த மோட்டார்ச் சத்தம், அன்று கரையில் நின்றிருந்த எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. மில் முதலாளி வரதப்பன், அணையில் தூண்டில் போட்டிருந்த குப்பாத்தாளின் பரிசலை உரசிக்கொண்டு வந்து படகை நிறுத்தினார்.

"நான் மீன் பிடிச்சா கூப்பிடு தூரத்துக்குள்ள யாரும் இருக்கக் கூடாது. தள்ளிப் போ!"

மீன் விற்றால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். ஆனாலும் நகர்ந்தாள். அவளுக்கு மீன் கடித்த இடத்துக்கெல்லாம் அவரும் வந்து விரட்டினார்.

கடைசியில் அவள், பரிசல் மட்டுமே மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் மூடிய சேற்றுத் திட்டின்மேல் பரிசலை நிறுத்தி, வெறும் தூண்டிலை மீன் சிக்கியதுபோல் ஆசையாகச் சுண்டினாள். படகு பாய்ந்து வந்தது. அவள் மரியாதையாக விலகிப் போனாள். படகு சேற்றில் புதைந்தது.

"குப்பாத்தா, வந்து இழு!"

"நீங்க கூப்பிடறது கேக்குதுங்களே! அப்ப நான் இன்னும் தள்ளித்தானே போகோணும்?"

கரையே சிரித்தது.

"எங்க வேணா தூண்டில் போட்டுக்க, தாயி! வா!"

அதன்பிறகு வரதப்பன் சந்தையில்தான் மீன் வாங்கினார், குப்பாத்தாளிடம்.