இரு, நாரைகள் இறங்கட்டும்

கருவேல மரங்கள் அடர்ந்த ஏரி அது. பறவைகள் வந்து இறங்க நடுவில் ஒரே ஒரு நீர்வெளிதான் இருந்தது. யார் இறங்கலாம், யார் காத்திருக்க வேண்டும் என்று கரைமேட்டிலிருந்து குரல் கொடுப்பது ஆள்காட்டிக் குருவியின் வேலை.

வேலைக்கு அது புதிது. மழைக்காலம் முழுக்கப் பயிற்சி பெற்றிருந்தது. காற்றின் போக்கு, மரங்களின் உயரம் எல்லாம் அத்துப்படி. பயிற்சியில் ஒரு விதியும் இருந்தது: சொன்னதைக் கேட்ட பறவை, அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் கூழைக்கடாவிடம், "அண்ணே, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்றது ஆள்காட்டி.

கூழைக்கடா தாடைப்பை குலுங்கச் சிரித்தது. "ஏன்டா, என்னைப் பார்த்தால் கிளிப்பிள்ளை மாதிரியா இருக்கிறது?"

பக்கத்தில் நீந்திய வாத்துகளும் சிரித்தன. ஆள்காட்டிக்குக் கூசிப்போயிற்று. மறுநாளிலிருந்து அது யாரையும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. கெடுதல் ஒன்றும் நேரவும் இல்லை. அந்த விதியே வீண் என்று நம்பத் தொடங்கியது.

ஒரு மாலை காற்று பலமாக வீசியது. நாரைக் குடும்பம் ஒன்று வந்தது. தாயும் தந்தையும் முன்னே. அவர்களை நம்பி, முதன்முதலாக நெடுந்தூரம் பறந்த குஞ்சு பின்னே. அவர்களுக்கு மேலே கூழைக்கடா வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"இரு, நாரைகள் இறங்கட்டும்!" என்று ஆள்காட்டி அதைப் பார்த்துக் கத்தியது.

'இரு' என்றபின் விட்ட சிறு இடைவெளியைக் காற்று விழுங்கிவிட்டது. 'இரு நாரைகள் இறங்கட்டும்' என்றுதான் கூழைக்கடாவின் காதில் விழுந்தது. இரண்டு நாரைகள் இறங்கின. இனி தன் முறை என்று அது தன் கனத்த உடலைச் சரித்துப் பாய்ந்தது.

நடுவில் வந்த குஞ்சு அதன்மேல் மோதியது. தண்ணீரில் விழுந்தது, எழவில்லை.

"இரண்டு என்றுதானே சொன்னாய்?" என்றது கூழைக்கடா.

"இரு என்றேன். பொறு என்றேன்."

குஞ்சின் ஈர இறகை அலகால் நீவிக்கொண்டிருந்த தாய் நாரை தலைநிமிர்ந்தது. "அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாயா?"

சிரிப்புக்குப் பயந்தா அந்த விதியை விட்டோம், சோம்பலிலா? ஆள்காட்டிக்கே விளங்கவில்லை.

இப்போது ஏரிக்கு மேல் எது பறந்தாலும், திருப்பிச் சொல்லும்படி ஆள்காட்டி விடாமல் கேட்கிறது. கூழைக்கடா சிரிப்பதில்லை, சொல் பிசகாமல் திருப்பிச் சொல்கிறது. தாய் நாரை மட்டும் அந்த ஏரிப் பக்கம் வருவதே இல்லை.

பிறர் உயிர் நம் சொல்லை நம்பிப் பறக்கும்போது, சொல்லிவிட்டோம் என்பதோடு கடமை முடிவதில்லை. கேட்டவர் காதில் என்ன விழுந்தது என்று அறிந்த பிறகே முடிகிறது.