அமைச்சர்கள் பார்த்துக்கொண்ட வானம்

குருவைவிடச் சீடர் வயதில் மூத்தவராக இருந்த கதை இது.

குருவின் பெயர் செண்பகவல்லி. நாற்பதை இன்னும் தொடவில்லை. கோத்தகிரியில், மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஒரு வாடகை வீட்டில் இருந்தார். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் படித்தவர்கள் எல்லோருமே டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடர் தெய்வசிகாமணி கோயம்புத்தூர்க்காரர். தலை முழுக்க நரைத்த பிறகு, பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கற்றுக்கொள்ள வந்தவர்.

குரு முன்பு ‘விண்குடி’ என்று ஒரு விளையாட்டு செய்திருந்தார். சில கிரகங்கள், ஒரே ஒரு கப்பல், எல்லோருக்கும் போதாத தண்ணீர். யாருக்குக் கொண்டுபோவது, யாரை விடுவது என்று ஆடுகிறவர் முடிவுசெய்ய வேண்டும். அவ்வளவுதான். ஜனங்கள் திட்டிக்கொண்டே ஆடினார்கள். ஆடிவிட்டு, இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று கேட்டார்கள். குருவுக்கு அதில் மனசில்லை.

“வேணும்னா நீங்க செய்யுங்க, அண்ணே” என்று சீடரிடம் கொடுத்துவிட்டார்.

சீடர் ஆறு வருஷம் செய்தார். அவர் மனைவி படுக்கையில் விழுந்ததும், போய்ச் சேர்ந்ததும் அந்த ஆறு வருஷத்தில்தான்.

விளையாட்டு விற்பனைக்கு வருவதற்கு முந்தின நாள், லேப்டாப்பை மழைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு அவர் மலையேறி வந்தார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒரே நினைப்பு. இதில் ஆழம் இருக்கிறது என்று குரு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்த வருஷங்கள் வீண் இல்லை என்று ஆகிவிடும். இல்லை என்று சொல்லிவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது.

“சாப்ட்டீங்களா, அண்ணே?”

“பசியில்லீங்க, டீச்சர்.”

“பையன் போன் பண்றானா?”

“பண்றானுங்க. அவங்கம்மா போனதுக்கப்புறம் ரெண்டு வார்த்தையோட வெச்சிடறான்.”

குரு துண்டை எடுத்துக் கொடுத்தார். சீடர் தன் தலையைத் துவட்டாமல் லேப்டாப்பைத் துடைத்தார்.

“டீச்சர், எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க. ரெண்டாம் பாகத்துல ஆழம் இருக்குதான்னு. நீங்கதான் பாத்துச் சொல்லோணும்.”

“உள்ள என்ன வச்சிருக்கீங்க?”

“முந்நூறு கிரகமுங்க. ஒவ்வொண்ணுலயும் வேற வேற குடி. வரி, வியாபாரம், ஒற்றர் படை. ராஜாக்களுக்குள்ள சம்பந்தம்கூடப் பேசலாம்.”

“சீர்வரிசை உண்டா?”

“உண்டுங்க.”

சீடர் சிரிக்காமல்தான் சொன்னார். குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அத்தனையும் ஒரு மனுஷன் எப்படி அண்ணே பார்க்கிறது?”

இந்தக் கேள்விக்காகத்தான் சீடர் காத்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மொதல்ல அதுதானுங்க தகராறு. ஆடிப் பாத்த பசங்கல்லாம் தலை வலிக்குதுன்னு எந்திரிச்சு ஓடிட்டாங்க. அப்புறம்தான் ஒரு யோசனை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அமைச்சரப் போட்டுட்டேன். தண்ணிக்கு ஒருத்தரு, வரிக்கு ஒருத்தரு, சண்டைக்கு ஒருத்தரு. அத்தனை பேரும் கெட்டிக்காரங்க. தப்பே பண்ண மாட்டாங்க. இப்ப ஒருத்தரும் பாதியில எந்திரிக்கறதில்லீங்க.”

“சரி, போடுங்க பார்ப்போம்.”

குரு உள்ளே போய் ஒரு தட்டு நிறைய வேகவைத்த கடலையைக் கொண்டுவந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். திரையில் வானம் விரிந்தது. நீலமும் சிவப்புமாக முந்நூறு விளக்குகள். சீடருக்கே அதைப் பார்க்கும்போது மூச்சு நின்று வந்தது.

குரு ஒரு விரலை நீட்டி ‘அடுத்த சுற்று’ என்ற பட்டனை அழுத்தினார். ஒரு கடலையை உரித்தார். மறுபடியும் அழுத்தினார்.

“டீச்சர், அந்த மூலையில ஒரு ராஜா தூது அனுப்பிச்சிருக்காரு பாருங்க.”

“நான் பார்க்கலேன்னா அமைச்சர் பார்க்க மாட்டாரா?”

“பாப்பாருங்க.”

“அப்ப பார்க்கட்டும்.”

அழுத்தினார். உரித்தார்.

“வரி ஜாஸ்தின்னு ஜனங்க சத்தம் போடறாங்க, டீச்சர்.”

“வரிக்கு ஒருத்தர் இருக்கார்னு சொன்னீங்களே.”

“இருக்காருங்க.”

“பின்ன?”

ஜன்னலை மேகம் மூடியது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. குரு எழுந்து விளக்கைப் போட்டார், திரும்பி வந்து அழுத்தினார். எந்தக் கிரகத்தையும் அவர் தொட்டுப் பார்க்கவில்லை. எந்தக் கப்பலையும் எங்கேயும் அனுப்பவில்லை.

“டீச்சர், சண்டை வந்துருச்சு! பெரிய சண்டை!”

“கடலை எடுத்துக்குங்க, அண்ணே. ஆறிடப் போகுது.”

சீடர் ஒரு கடலையைக் கையில் எடுத்தார். வாயில் போடவில்லை. சண்டை முடிந்தது. இன்னொன்று வந்து அதுவும் முடிந்தது. கடைசியில் லேப்டாப்பிலிருந்து எக்காளம் முழங்கியது. வானம் முழுவதும் பொன்னிறமாகி, ‘அண்டத்தின் பேரரசியே, வாழ்க!’ என்று எழுத்து ஓடியது.

குரு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“ஜெயிச்சுட்டேனா?”

“ஜெயிச்சுட்டீங்க.” சீடரின் குரல் இறங்கிவிட்டது. “ஆனா நீங்க ஆடவே இல்லீங்களே.”

“நான் ஆடலேன்னு அதுக்குத் தெரியலையே, அண்ணே.”

சீடருக்கு முகம் சுருங்கிப்போனது. சமாளித்துக்கொண்டு சொன்னார்:

“வேண்டாங்கறவங்க அமைச்சர்கள நிறுத்திக்கலாமுங்க. அதுக்கும் வழி வெச்சிருக்கேன்.”

“யாராவது நிறுத்தினாங்களா?”

“இல்லீங்க.”

“நீங்க?”

“ஒருக்கா நிறுத்திப் பாத்தேன். தாங்க முடியலீங்க. முந்நூறும் ஒரே நேரத்துல கூப்புடுது.”

குரு திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தார். பொன்னிறமான வானத்தின் கீழ் மூலையில் ஒரு சின்ன இடம் கறுத்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க ஒண்ணு அணைஞ்சு கிடக்கே. என்ன ஊர் இது?”

சீடர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மூலையைப் பெரிதாக்கினார். பெயர் தெரிந்தது.

மரகதம்.

அது அவர் மனைவியின் பெயர். முந்நூறு கிரகங்களுக்குப் பெயர் வைத்து வைத்து அலுத்துப்போன ஒரு நாளில் அந்தப் பெயரை வைத்தார். பச்சை நிறத்தைத் தன் கையாலேயே பூசினார். இரண்டு நிலா கொடுத்தார். எந்தச் சண்டையும் எட்டாத மூலையாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார்.

“எப்ப அணைஞ்சது?” என்று குரு கேட்டார்.

“தெரியலீங்க.”

“என் பக்கத்திலேயேதானே உட்கார்ந்திருந்தீங்க.”

“சேதி வந்திருக்காதுங்க. சின்னச் சின்னச் சேதியெல்லாம் ஆடறவங்க வரைக்கும் வராது. அமைச்சரோடயே நின்னுரும்.”

“அது யார் செஞ்ச ஏற்பாடு?”

“நான்தானுங்க.”

மழை தகரக் கூரையில் விழ ஆரம்பித்தது. சீடர் அந்தக் கறுப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க வேறு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. பகலுக்கு ஒரு நர்ஸ். ராத்திரிக்கு ஒரு நர்ஸ். கஞ்சி வைக்க ஓர் அம்மாள். நாடி எப்படி ஓடுகிறது என்று மாடியில் இருக்கும் அவர் செல்போனுக்குச் சொல்ல, மரகதத்தின் விரலில் மாட்டிய ஒரு கருவி. எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஒருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை. அன்றைக்குப் பகல் நர்ஸ் மாடிப்படி ஏறி வந்து, “சார், கொஞ்சம் கீழே வாங்க” என்றபோது, அவர் தண்ணீர் அமைச்சருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “ரெண்டே நிமிஷம்மா” என்றார்.

“தண்ணி அமைச்சர்தான் கப்பல நிறுத்தியிருப்பாருங்க” என்றார் இப்போது. “அவ்வளவு தூரம் அனுப்பறது வீண்னு கணக்குப் போட்டிருப்பாரு. அவரு செஞ்சதுல குத்தமில்லீங்க. நானே ஆடியிருந்தாலும் அதக் காப்பாத்தியிருக்க முடியாது.”

“முடியாதுதான்” என்றார் குரு.

குரு ஒத்துக்கொண்டது சீடருக்கு ஆறுதலாக இல்லை. கையிலிருந்த கடலையை நசுக்கிவிட்டிருந்தார். அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“டீச்சர், நாளைக்கு வெளிய போகுது. நிறுத்தறதுன்னா இன்னைக்கே நிறுத்தோணும். சுத்தி வளைக்காம ஒரே வார்த்தை சொல்லீருங்க. இதுல ஆழம் இருக்குதா, இல்லையா?”

குரு லேப்டாப்பை மெல்ல மூடி, சீடரின் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

“ஆழமெல்லாம் இருந்துச்சு, அண்ணே. இறங்குறதுக்குத்தான் ஆள் வச்சுட்டீங்க.”