முதலாளி சுமக்காத சவல்

கோயம்புத்தூர் மில் முதலாளி சென்னியப்பனுக்கு, பனிகூடத் தன் மில் ஆள் மாதிரிதான், சொன்னால் கேட்கும். அவர் போன காஷ்மீர் பனிச்சறுக்கு முகாமிலோ, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடித் தோண்டி எடுத்துக் காட்டினால்தான் மேல்மலைக்கு விடுவார்கள். அவர் தன் பையையும் டிரைவர் மருதாசலத்தின் தோளில் மாட்டினார். தேடும் கருவி, பனி அள்ளும் சவல் எல்லாம் அதில்தான்.

"ரெண்டு பேர் பாடத்தையும் நீயே படி. நான் புதைஞ்சா நீ தோண்டோணும். தாமசமானா வேலை போச்சு!"

"சரிங்க முதலாளி."

பரீட்சை நாளில், "புதைந்தவராக யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார் பயிற்சியாளர் ரூபினா. மருதாசலம் முந்திக்கொண்டு, இரண்டு பைகளோடும் பனிக்குழியில் இறங்கினான். சென்னியப்பனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, குழிமேல் பலகை போட்டு, இடம் தெரியாதபடி பனி கொட்டி மூடினார்கள்.

"டேய், சவல் எங்கடா?" என்று கத்தினார் சென்னியப்பன்.

"என்கூடத்தான் புதைஞ்சிருக்குதுங்க!" என்றது குழி.

குரல் எங்கிருந்து வருகிறதென்று புரியாமல், வெறுங்கையால் கண்ட இடமெல்லாம் தோண்டினார். பலகையைக் கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் ஆனது. "நிஜமென்றால் இவர் செத்திருப்பார். நீங்கள் ஃபெயில்," என்றார் ரூபினா.

மருதாசலம் எழுந்து பனியைத் தட்டிவிட்டு, முதலாளியின் பையை அவர் காலடியில் வைத்தான்.

"இந்தச் சவல் உங்களைத் தோண்டறதுக்கு இல்லீங்க, என்னையத் தோண்டறதுக்கு. என் உசுர இனி நீங்களே தூக்குங்க!"